சாட்சி சாரின் நாற்காலி

நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளைப் பிடித்துக்கொண்டு வந்து, முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்லிக் கொடு என்று வகுப்பில் நிறுத்தியது பல்கலைக்கழகம். கணினித் துறைக்காரர்கள் நேரமில்லை என்று கை விரித்துவிட்டார்கள். நூலகத்தம்மா சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து புலம்பினாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் துருத்திக்கொண்டு நிற்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

"அந்த மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

"பொய்னு இல்லீங்க. தெரியாத இடத்துல தெரியாதுன்னு சொல்லாம எதையாவது போட்டு நிரப்பிடும். படிக்கிறவங்களுக்கு நிஜம் மாதிரியே இருக்கும்."

"அப்ப என்னைப் பத்திக் கேளு. நான் வந்து உக்காந்து தப்பைப் பிடிச்சுத் தர்றேன். லிஃப்ட்ல என்ன கோளாறுன்னு சத்தத்தை வெச்சே சொல்றவன், இதைப் பிடிக்க மாட்டேனா?"

அப்படி ஆரம்பித்தது அந்த வழக்கம். ஒவ்வொரு செமஸ்டரின் முதல் வகுப்பிலும் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அவள் இயந்திரத்திடம் கணவரைப் பற்றி நாலே வரி கொடுத்து, மிச்ச வாழ்க்கையை எழுதச் சொல்வாள். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு சிவப்புப் பேனா. ஒரு பிள்ளை வரி வரியாக வாசிக்க, அவர் "சரி", "தப்பு" என்பார். தப்புக்கு வட்டம்.

"அதிகாலையில் எழுந்து உடற்பயிற்சி செய்வார்."

"தப்பு! இந்தம்மா மூஞ்சில தண்ணி தெளிச்சாத்தான் எழுந்திருப்பேன்."

"மனைவியின் சமையலை மனமாரப் புகழ்வார்."

"இதுக்கு ரெண்டு வட்டம் போடுங்கப்பா. வாத்தியாரம்மா முறைக்கிறாங்க, அடுத்த வரிக்குப் போங்க."

வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். பிள்ளைகள் அவருக்குச் சாட்சி சார் என்று பெயர் வைத்தார்கள். இயந்திரம் இட்டுக்கட்டுவதற்கு அவர் ஒரு பெயர் வைத்தார்: ஓட்டை அடைப்பு. தெரிந்தவரைக் கேள், அப்புறம் நம்பு. அவள் நடத்திய பாடம் அவ்வளவுதான்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கொஞ்ச காலத்தில் என்னவோ மாறத் தொடங்கியது. கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பி, "கடைக்காரர் ஊருக்குப் போயிட்டாராம்" என்றார். அவள் போய்ப் பார்த்தால் மனிதர் கல்லாவில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போனதாகச் சொன்னார். தயக்கமே இல்லாமல், கேட்கிறவர் நம்புகிற மாதிரி சொன்னார். வகுப்பில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அவள் அந்தப் பெயரை எடுக்கவேயில்லை.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக்கா," என்று தங்கை போனில் நச்சரித்தாள்.

"வகுப்பு வரட்டும்டி. பிள்ளைங்களைப் பாத்தா பழைய ஆளாயிடுவார், நீ வேணாப் பாரு."

அந்த நாற்காலியில் உட்கார்ந்து "தப்பு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டால் போதும், அவருக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அப்படி அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு நாளன்று அவர் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு வந்தார். பையில் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தது. நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி வாசித்தாள்.

"அதிகாலையில் எழுந்து உடற்பயிற்சி செய்வார்."

தண்ணீர் தெளிக்கிற கதை வரும் என்று நூலகத்தம்மா காத்திருந்தாள்.

"சரி," என்றார் அவர்.

பிள்ளைகள் எல்லாரும் புதுசு. அவர்களுக்கு என்ன தெரியும்? அடுத்த வரிக்கும் சரி, அதற்கு அடுத்ததற்கும் சரி. தன்னைப் பற்றி யாரோ நல்லவிதமாகச் சொல்வதைக் கேட்கிற சந்தோஷத்தில் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"வேலை முடிந்து வந்ததும் மகளை மடியில் வைத்துப் பாடுவார்."

கணவன் மனைவி இருவருக்கும் பிள்ளை இல்லை. அச்செடுக்கும்போதே அந்த வரியை அவள் பார்த்திருந்தாள். எது தவறினாலும் இது அவரிடம் தப்பாது என்று தைரியமாக விட்டிருந்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. "சரி. என்னைவிட என் பொண்ணு நல்லாப் பாடுவா."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கை தூக்கினான். "மேடம், ஒரு தப்புகூட இல்லையே! அப்ப மெஷினை நம்பலாம்னுதானே அர்த்தம்?"

சும்மா இருந்துவிட்டால் அவர் சந்தோஷமாக வீட்டுக்கு வருவார். வகுப்பு முழுக்க இந்தத் தாளை நம்பிக்கொண்டு வெளியே போகும். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உடற்பயிற்சி தப்பு. மகளும் தப்பு. எங்களுக்குக் குழந்தை இல்லை. வட்டம் போடுங்க."

பேனாக்கள் கீறும் சத்தம் கேட்டது. நர்சிங் பெண் மட்டும் வட்டம் போடாமல் பேனாவை மூடி வைத்தாள்.

"ஏம்மா," என்றார் அவர், அவளைப் பார்த்து. "எல்லார் முன்னாடியும் இப்படியா சொல்லுவே?"

கை தூக்கியவனே மெதுவாகக் கேட்டான். "சாட்சியே தப்பாச் சொன்னா, நாங்க யாரை மேடம் கேக்கிறது?"

"தெரியலப்பா," என்றாள் அவள்.

வகுப்பு கலைந்ததும் வராந்தாவில் நின்று தங்கைக்குப் போன் செய்தாள். "டாக்டர்கிட்ட நேரம் வாங்கு." பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். வகுப்புக்குப் போனதே மறந்துவிட்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்து அவள் கதவைச் சாத்தப் போனாள்.

"தாழ்ப்பாள் போடாதே. பொண்ணு இன்னும் வரலையே."

அவள் கை தாழ்ப்பாளிலேயே நின்றது.

"அவ பேரு நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது," என்று நெற்றியைத் தேய்த்தார். "பெத்த பொண்ணு பேரு மறக்குமா ஒருத்தனுக்கு? எனக்கு என்னம்மா ஆச்சு?"

அவர் கண்ணில் பயம் தெரிந்தது. இத்தனை நாளில் இல்லாத பயம்.

அவள் ஒரு பெயரைச் சொன்னாள். வாய்க்கு வந்த பெயர். தயங்காமல், நிஜம் மாதிரியே சொன்னாள்.

"ஆமா, அதேதான்," என்றார். நெற்றியிலிருந்து கையை எடுத்தார். பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

அவள் தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திவிட்டு, அவர் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.