என் கை முடிச்சு

என் அப்பா சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். நான் சங்கரன்கோவிலில்தான் பிறந்தேன். ஆனாலும் தெருவில் எது காணாமல் போனாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒரு தடவை பித்தளைக் குடம்.

"சிலோன்காரன் வீட்ல பாருங்கவே."

அம்மா எல்லாச் சாமானையும் வெளியே எடுத்து வைத்துக் காட்டினாள். குடம் தொலைத்தவர்கள் வீட்டுக் கிணற்றடியிலேயே கிடந்ததாம். எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

இருபது வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறேன். முதலாளிக்கு நான் இன்னமும் சிலோன்தான். அதே தறியில் ராத்திரி ஷிப்டுக்கு ஒரு ஒடிசாக்காரன் வந்தான். ஊருக்குள் நாலு இடத்தில் வீடு கேட்டான். வடக்கனுக்கு வீடு கிடையாது என்றார்கள். பெண்டாட்டியோடு தறிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தான்.

ஒருநாள் காலையில் ஷிப்ட் மாறும் நேரம். வியாபாரி திருப்பி அனுப்பிய சேலையை முதலாளி விரித்தார். நடுவில் ஓட்டை.

"வடக்கன் பாத்த வேலை. ஏலே, பொட்டியக் கட்டு. கொட்டகையையும் காலி பண்ணு."

அவனுக்குப் பாதிதான் புரிந்தது. வாசலில் நின்ற பெண்டாட்டிக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

சேலையை வாங்கிப் பார்த்தேன். ஓட்டை ஓரத்தில் ஒரு முடிச்சு. நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுத்தான் ஓட்டுவோம். ஆளுக்கு ஒரு மாதிரி விழும். அவன் முடிச்சு கடுகு போல இருக்கும். என்னுடையது தடி. தடி முடிச்சு தறியில் சிக்கினால் பக்கத்து நூலையும் அறுத்துவிடும்.

"முதலாளி, இது என் முடிச்சு."

"அவனுக்கு நீ என்னல வக்காலத்து வாங்குத?"

கீழே கிடந்த நூலை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். சேலைமேல் வைத்தேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"சரி, போ. பாத்து ஓட்டு, என்ன?"

அவ்வளவுதான். அதே ஓட்டைதான்.

பக்கத்துத் தறி அண்ணாச்சி சிரித்தார். "சிலோனு, இன்னைக்கு நீயும் உள்ளூர்க்காரன் ஆயிட்டலே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒடிசாக்காரனைப் போகச் சொல்லவில்லை. மறுநாள் ஷிப்ட் மாறும்போது அவனிடம் அறுந்த நூலை நீட்டினேன். அவன் தன் முடிச்சை மெதுவாகப் போட்டுக் காட்டினான். மூன்றாம் நாள் என் கைக்கும் வந்துவிட்டது.

இப்போது அந்தத் தறியில் ஒரே முடிச்சுதான். எது யார் கை என்று முதலாளியால் சொல்ல முடியாது.