பரிவட்டம் கட்டிய வெள்ளைக்காரன்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரத்தில் என்னை ஏமாற்றியவன் என்று ஒருவனைக் காட்ட முடியாது. பீங்கானை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும், ஜப்பான் சரக்கா, போன மாதம் குஜராத்தில் சுட்டதா என்று சொல்லிவிடுவேன். இடிக்கிற வீடுகளில் நிலைக்கதவைத் தோளில் சுமந்து இறக்கியவன் நான். இன்று என் கடையைத் தேடி வெள்ளைக்காரர்கள் கார் பிடித்து வருகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், சொன்னால் என்ன?

அப்படிப்பட்ட நான் எட்டு வருடம் ஒரு காபிக் கோப்பையிடம் ஏமாந்தேன்.

கொடுத்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. மாமனார் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால், பள்ளிக்கூடத்திலிருந்து காலேஜ் வரை அவனைப் படிக்க வைத்தது நான்தான். இப்போது பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வாத்தியாராக இருக்கிறான். கோப்பை வந்த வருடம் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தேக்குக் கதவு செய்து கொடுத்தேன் என்று எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். எங்கள் வம்சத்தில் சாமி துணி ஏறிய முதல் தலை என் தலைதான். அடுத்த மாதம் மச்சினன் அந்தக் கோப்பையோடு வந்தான். சுற்றிலும் படம் அச்சிட்ட பீங்கான். பிரான்சு நாட்டுப் பழைய நாடகத்தில் ஒரு காட்சி என்றான். நடுவில் ஒரு தொந்திக்காரன், பூப்போட்ட அங்கி, தலையில் பெரிய துணிக்கட்டு. பத்துப் பேர் அவன் முன்னால் குனிந்து நிற்கிறார்கள்.

“அங்குட்டும் பரிவட்டம் கட்டுவாகளாப்பா?”

“கட்டுவாக அத்தான். பார்த்ததும் ஒங்க ஞாபகந்தான் வந்துச்சு.”

சுண்டிப் பார்த்தேன். மட்டமான சரக்கு. ஆனாலும் அன்றிலிருந்து எனக்குக் காலைக் காபி அதில்தான். கடைக்கும் எடுத்துப் போவேன். வருகிறவர்களிடமெல்லாம், “வெள்ளைக்காரனுக்கும் முதல் மரியாதை உண்டு, பாத்துக்க” என்று காட்டுவேன்.

போன தை மாதம் பிரான்சிலிருந்து ஓர் அம்மாள், மதுரை வழிகாட்டி ஒருவனோடு கடைக்கு வந்தார். என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தவர் குபீரென்று சிரித்துவிட்டார். அவனிடம் என்னவோ சொன்னார்.

“என்னடா சொல்றாக?”

“ஒண்ணுமில்லைய்யா. அவுகளுக்குத் தெரிஞ்ச நாடகமாம்.”

“தெரிஞ்சா சிரிப்பு எதுக்கு? சொல்லு.”

“மனசுல வச்சுக்காதீக. இந்த ஆளு தானிய வியாபாரியாம். படிப்பு கெடையாது. நல்லா சம்பாரிச்சுட்டான், பெரிய மனுசன் ஆகணும்னு ஆசை. வீட்டாளுகளே வேசம் போட்டு, ராசா அனுப்புன மரியாதைன்னு தலையில கட்டி விட்டாகளாம். அது அவன் வீட்டு மேசை விரிப்பாம்யா. குனிஞ்சு நிக்கிறவுக அம்புட்டுப் பேரும் சிரிப்பை அடக்கிக்கிட்டு நிக்கிறாகளாம்.”

கோப்பையில் பாதிக் காபி இருந்தது. அப்புறம் குடிக்கவில்லை.

அவர்கள் போனதும் மச்சினனுக்குப் போன் போட்டேன். “அந்தக் கப்புல இருக்கிற கதை தெரிஞ்சு குடுத்தியா, தெரியாம குடுத்தியா?”

“விளையாட்டுக்குத்தான் அத்தான். கோவிச்சுக்காதீக.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“காலேஜுல நான் எடுக்கிற பாடமே அதுதான் அத்தான்.”

தெரியாமல் கொடுத்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். போனை வைத்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையில் காபி எவர்சில்வர் டம்ளரில் வந்தது.

“கப்பு எங்க?” என்றேன்.

“தம்பி போன் பண்ணுனான். அதான் ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சே, இனிமே எதுக்கு?” என்றாள் என் மனைவி.

“அப்ப ஒனக்கு?”

“குடுத்த அன்னைக்கே சொல்லிட்டான். நல்லா வைஞ்சேன் அவனை. ஆனா நீக அதை ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியிறீக. எந்த வாயால சொல்லுவேன்?”

அவன் கொடுத்தது ஒரு தடவை. அவள் எட்டு வருடமும் தினம் அதில் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். ஆற்றி, நுரை குறையாமல்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். எனக்குப் பரிவட்டம் கட்டிய அன்று எடுத்த போட்டோ அங்கே மாட்டியிருக்கிறது. மூங்கில் கூடையளவு மாலை, நெற்றியில் சாமி துணி, நடுவில் நான். எனக்குப் பின்னால் மச்சினன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். சன்னதியில் வாய் பொத்தி நிற்பது வழக்கம்தானே. காலேஜ் வாத்தியாருக்கு எவ்வளவு பயபக்தி பாருங்கள் என்று அதையும் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். பீங்கானாக இருந்தால் ஒரு சுண்டில் சொல்லிவிடுவேன். அந்தக் கைக்குப் பின்னால் அவன் வாய் என்ன செய்துகொண்டிருந்தது என்று எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.