பாஸ்வேர்டு மறந்த வாத்தியார்

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருந்த சமயம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் இருந்தோம். அவர் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இறங்கி நடந்தால், "முசியே, சௌக்கியமா?" என்று யாராவது பழைய மாணவன் வண்டியை நிறுத்திவிடுவான். இவரும் அவன் பெயர், அவன் அண்ணன் பெயர், எந்த வருஷம் எந்த பெஞ்சில் உட்கார்ந்தான் என்பதுவரை சொல்லுவார். அந்த ஞாபகசக்தியில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி பிரான்சில் இருந்தாள், அப்போது முழுகாமல் இருந்தாள். அவள்தான் அங்கே ஒரு லேப்டாப் வாங்கி, ஊருக்கு வந்த தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இவர் அதன் முன்னால் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தேடி, இரண்டு விரலால் தட்டி, அவளுக்கு பிரெஞ்சில் மெயில் எழுதுவார். பாதி மெயில் அவள் எழுதிய மெயிலில் இருக்கும் பிழைகளின் திருத்தமாக இருக்கும். நான் அரசு அலுவலகத்தில் இங்கிலீஷ் டைப்பிஸ்டாக வேலை பார்த்தவள். அந்த லேப்டாப் வந்த புதிதில் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன, என் கைக்கு ஒத்துவரவில்லை. அது உங்கள் பொருள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை மெயில் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது, வார்த்தை குழறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றினார்கள். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அவர் கையை நான் விடவில்லை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு, நல்ல நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். திருச்சியிலிருந்து என் தம்பி ஓடி வந்து எங்கள் வீட்டில் தங்கினான். அவர் மூடாமல் விட்டுப்போன அந்த லேப்டாப்பிலிருந்துதான் மகளுக்குத் தினமும் நிலவரம் எழுதிப் போட்டான். இவருக்குப் பேச்சு திரும்பியது, வாய் நேரானது. வலது கையில் மட்டும் கொஞ்சம் பலக்குறைவு. வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பியும் லேப்டாப்பை அணைத்து மூடி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினான்.

வந்து இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, அவர் முதலில் கேட்டது லேப்டாப்பைத்தான். மகளுக்குத் தன் கையாலேயே எழுதினால்தான் அவள் நம்புவாள் என்றார். திறந்து பாஸ்வேர்டு போட்டார். தவறு என்று வந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் தவறு. அவர் என்ன தட்டினாலும் திரையில் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரிகிறது, எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

"என்கிட்ட சொல்லுங்க, நான் அடிச்சிப் பாக்கறேன்" என்றேன்.

"அதெல்லாம் வேணாம்" என்று லேப்டாப்பை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஞாபகம் இருக்குன்னு நெனைக்கிறேன். ஆனா அது தப்புன்னு சொல்லுது. அப்ப எனக்குத்தானே போயிடுச்சி?" என்றார்.

அவர் எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். என் மாமனார் கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே யார் என்று தெரியாமல், "தம்பி, நீ எந்த ஊரு?" என்று கேட்டபடி போய்ச் சேர்ந்தார். அருகில் இருந்து பார்த்துக்கொண்டவர் இவர்.

"யார்கிட்டயும் சொல்லாத. உன் தம்பிகிட்ட கூட" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். பார்க்க வருகிற பழைய மாணவர்களின் சத்தம் வாசலில் கேட்டால், போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் படுத்துவிடுவார். பெயர் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். மகள் போன் செய்து, "அப்பா ஏன் எழுதறதில்ல?" என்றால், கை இன்னும் சரியாகவில்லை என்று சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். நான் தப்பாக பிரெஞ்சு வார்த்தை சொன்னால்கூடத் திருத்தவில்லை.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்பதை மறைத்து என்ன பயன்? பேச்சுவாக்கில், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்?" என்பேன். "அந்தத் தையக்காரர் வீடு எந்தத் தெருவுல இருந்துச்சி?" என்பேன். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் முப்பது வருசம் பரீட்சை வெச்சவன். எனக்கே பரீட்சை வெக்கிறியா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

லேப்டாப்பை எப்படியாவது திறந்துவிட்டால் மனசு தேறிவிடுவார் என்று தோன்றியது. அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன். முதல் கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார்கள். மகளின் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணா சாலை பக்கத்துச் சந்து ஒன்றில், மாடிப்படி ஏறிப் போகிற இன்னொரு கடை. அங்கே இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பொறுமையாகப் பார்த்தார்.

"அழிக்காமலே திறக்கலாம்மா. ஆனா இதுல எல்லாமே பிரெஞ்சுல இருக்கு. தெரியாம எதையாவது அழுத்திட்டா வம்பு. படிச்சிச் சொல்ல வீட்ல யாராவது இருக்காங்களா?"

நான் போய் என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பிரெஞ்சு படிக்கத் தெரியலியாமா அவருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சட்டையைத் தேடினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் முதல் தடவையாக வாசல்படி தாண்டினார்.

மாடிப்படியில் நின்று நின்று ஏறினோம். கடைக்காரர் நாற்காலி போட்டார். "சார், உங்க கணக்கு மாதிரியே இதுக்குள்ள மெஷினோட சொந்தக் கணக்கு ஒண்ணு இருக்கு. அது வழியா உள்ள போயி, உங்களுக்குப் புது பாஸ்வேர்டு போட்டுடலாம். படம், மெயில் எதுவும் போகாது" என்றார். அவர் ஒவ்வொரு கட்டமாகத் திறக்க, இவர் கண்ணாடியை மூக்கில் சரித்துக்கொண்டு, இது இன்னது, இதை அழுத்தக் கூடாது என்று படித்துச் சொன்னார். குரலில் பழைய வாத்தியார் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தினமும் யாராவது இதுக்காக வந்துட்டுத்தான் இருக்காங்க சார். சின்னப் பசங்க கூட மறந்துடறாங்க" என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார்.

"அவங்க மறக்கறது வேற" என்றார் இவர்.

புது பாஸ்வேர்டு போடுகிற இடம் வந்தது. அங்கேயும் புள்ளிகளாகத்தான் விழும், மறுபடியும் குழப்பம் வேண்டாம் என்று கடைக்காரர் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்தார். "எதை வெக்கப் போறீங்களோ அதை மொதல்ல இதுல அடிங்க சார். கண்ணால பாத்துட்டுப் போட்டுடலாம்."

"'மாமான்'னு வெச்சிடுவோம். பிரெஞ்சுல அம்மான்னு அர்த்தம். அதையுமா மறந்துடப் போறேன்" என்று சொல்லிவிட்டு, இவர் வழக்கம்போலக் குனிந்து, சாவி சாவியாகத் தேடி அழுத்தினார். நிமிர்ந்து பார்த்தார்.

திரையில் ஒரு அரைப்புள்ளி. ஒரு க்யூ. மறுபடி அரைப்புள்ளி, மறுபடி க்யூ. கடைசியில் ஒரு என்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "அம்மான்னு கூட எழுத வரல, பாத்தியா" என்றார். கடைக்காரர் லேப்டாப்பைச் சாய்த்து, சாவிப் பலகை கெட்டுப்போயிருக்குமோ என்று தட்டிப் பார்த்தார்.

நான் அந்த அரைப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலது கைச் சுண்டுவிரல் தானாக மடங்கியது. முப்பது வருஷம் டைப் அடித்த கை அது. கையை வைத்ததும் வலது சுண்டுவிரல் உட்கார்கிற இடம்தான் அரைப்புள்ளி.

"என்னங்க, எம்மு எங்க இருக்கு? காட்டுங்க."

எல்லுக்கு அடுத்த சாவியைக் காட்டினார். எங்கள் ஆபீஸ் மெஷினில் அங்கேதான் அரைப்புள்ளி இருக்கும்.

"ஏ எங்க?"

மேல் வரிசையில் இடது கோடியைக் காட்டினார். எங்கள் மெஷினில் அது க்யூ.

"நீங்க சரியாத்தான் அடிக்கிறீங்க. இது மேல எழுதியிருக்கறது பிரெஞ்சு. உள்ள இருக்கறது இங்கிலீஷ்" என்றேன்.

கடைக்காரர் சட்டென்று திரையின் மூலையைப் பார்த்துவிட்டு, "அம்மா சொல்றது சரி சார். யாரோ இங்கிலீஷுக்கு மாத்தி வெச்சிருக்காங்க. பாஸ்வேர்டு கேக்கற எடத்துலயும் சேத்து மாத்தியிருக்காங்க" என்றார்.

நான் அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன். "ஆமாக்கா, அந்த எழுத்தெல்லாம் எனக்குச் சரிப்படல, நான்தான் மாத்துனேன். போறப்ப திருப்பி வெக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்" என்றான். மறந்தவன் திருச்சியில் நிம்மதியாக இருந்தான். இங்கே ஒரு மனுஷன் தன் மூளையே போய்விட்டது என்று போர்வைக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்.

கடைக்காரர் புது பாஸ்வேர்டு போடப் போனபோது இவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "இருங்க. பழசே போட்டுப் பாக்கறேன்."

லேப்டாப்பை அணைத்துத் திறந்து, மூலையில் பிரெஞ்சுக்கு மாற்றி வைத்தார் கடைக்காரர். இவர் எங்கள் இரண்டு பேரையும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னார். திரும்பி நின்றோம். பாஸ்வேர்டும் தப்பாகிப் போனால்? எழுத்து மாறியது ஒன்று, இவர் மறந்தது இன்னொன்று என்று இரண்டுமே உண்மையாக இருந்துவிட்டால்? சாவிகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு லேப்டாப் திறக்கும்போது வருமே, அந்தச் சின்ன சங்கீதம்.

திரும்பிப் பார்த்தேன். திரை முழுக்க மகளும் மருமகனும் கல்யாண உடையில் நின்றார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தோளில் கை வைத்தேன். அந்தக் கையின் மேல் தன் வலது கையை வைத்து அழுத்தினார். பலக்குறைவான கை என்று யாரும் சொல்லமாட்டார்கள், அப்படி ஒரு அழுத்தம்.

கிளம்பும்போது கடைக்காரருக்கு பிரெஞ்சிலேயே நன்றி சொல்லி, "மெர்சி" என்றார். அவரும் ஆசையாக, "மெர்சி சார்" என்றார். இவர் நின்று, அந்த 'ர்' தொண்டையிலிருந்து வர வேண்டும் என்று மூன்று முறை சொல்லவைத்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

ஆட்டோவில் கேட்டேன். "அப்படி என்ன பாஸ்வேர்டு அது, என்கிட்ட கூட சொல்லக் கூடாதது?"

வெளியே பார்த்துக்கொண்டே, "மம்பட்டி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடைத்தாளைச் சிவப்பு மசியால் கொத்திப் போடுகிறார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அது. தெருவெல்லாம் தெரியும். அவர் காதில் விழுந்தால் நொந்துபோவார் என்று அத்தனை வருஷமும் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருசத்துலேருந்து தெரியும். ஒனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவியேன்னு சொல்லல."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. "அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் சாவியைப் பாக்காமலே, என் பழக்கத்துக்கு இங்கிலீஷ் மெஷின் மாதிரியே அடிச்சிருப்பேன். மொதல் தடவையே திறந்திருக்கும்."

அவர் யோசித்துப் பார்த்தார். "ஆமால்ல" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே மகளுக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினார். அதில் பாதி, அவள் போன மாதம் எழுதியதில் இருந்த பிழைகள்.

இப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, உண்மையிலேயே சில பெயர்கள் வருவதில்லை. வராதபோது என்னைக் கேட்கிறார், எனக்கு வராததை நான் அவரைக் கேட்கிறேன். துணைக்கு வலிக்கக் கூடாது என்று நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக ஒளித்து வைத்த ஒரு சின்ன வார்த்தைதான் அத்தனை நாள் எங்களைத் தவிக்கவிட்டது என்று புரிந்த பிறகு, எங்கள் வீட்டில் பயத்தையும் சரி, பட்டப்பெயரையும் சரி, யாரும் தனியாக வைத்துக்கொள்வதில்லை.