கையில் வாங்காத நன்மை

ஒரு நாக்கு இன்னொரு நாக்கைப் போல இருப்பதில்லை. கணக்கு வாத்தியாராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பூசையில் சாமியாருக்குத் துணையாக நின்று நற்கருணை அப்பம் கொடுக்கும் பணி எனக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த அப்பத்துக்கு நன்மை என்று பெயர். நன்மை வாங்குவது, நன்மை கொடுப்பது என்றுதான் பேசுவோம். கொடுக்கும் பணிக்கு நான் ஏற்ற ஆள் இல்லை என்று முதல் ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது. வருகிறவர்கள் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறப்பார்கள். சிலர் நுனி நாக்கை மட்டும் காட்டுவார்கள். சிலருடைய மூச்சு நேராக என் விரல்மேல் படும். சிலர் அப்பத்தை வைப்பதற்குள் உதட்டை மூடிவிடுவார்கள். என் விரலும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. பத்துப் பேரில் ஒருவர் என் விரலை நனைத்தார். அதே விரலால்தான் அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். எண்பது பேர் வரிசையில் வந்தால், கடைசி ஆளுக்கு எட்டுப் பேருடைய எச்சிலையும் சேர்த்துக் கொடுக்கிறேன். பூசை முடிந்ததும் விரல் கழுவச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். அதில் மூன்று தடவை கழுவுவேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு ஏழு தடவை. அதற்குப் பிறகும் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ஈரம் இருக்கும். வேட்டியில் துடைத்தால் வேட்டி நனையாது. ஆனாலும் ஈரம் இருக்கும். திங்கள், செவ்வாய் வரைக்கும்கூட இருந்திருக்கிறது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே கொரோனாவுக்காக மூடிய கோயிலை மறுபடி திறந்தபோது, இனி நன்மையைக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததும் நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அத்தனை சாவுக்கு நடுவில் சந்தோஷப்பட்ட மனுஷன் நான்.

கோயில் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டதும் நான்தான். வட்டத்துக்கு வட்டம் ஆறு அடி, மொத்தம் முப்பத்தாறு. ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள். வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியைக் காலி செய்துவிட்டோம். அதன் அடியில் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. எல்லோருக்கும் முகக்கவசம். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் ஆமென் என்று ஒரு சத்தம் வரும். எந்த வாயும் அசைவது தெரியாது. அந்தச் சத்தம் முப்பத்தாறு பேரிடமிருந்து வருவதுபோல இருக்காது, பின்சுவருக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பழவேற்காடு ஏரி. வழக்கமாகப் பசியாவரம் பக்கம் தொலைவில் நிற்கும் பூநாரைகள் அந்த மாதங்களில் கோயில் சுவருக்கு நூறடியில் வந்து, கழுத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றன. எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடியிருந்தன.

நன்மையைக் கையில் கொடுக்கும் விஷயத்தில்தான் என் அண்ணியோடு எனக்கு வழக்கு வந்தது.

அண்ணன் இறந்து பதினான்கு வருடம். வீட்டின் ஒரு பாதியில் அண்ணியும் மறுபாதியில் நானும் இருந்தோம். நடுவில் ஒரு செங்கல் சுவர், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வாசல். எழுபது வயதுவரை அண்ணி ஏரியில் கையால் தடவி எறா, அதாவது இறால், பிடித்தவர். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். கையில் தட்டுகிற எறாவை எடுத்து வாயில் தொங்கும் பறியில் போட வேண்டும். அப்படி ஐம்பது வருடம். அவர் விரல்களில் எறா முள்ளும் கெளுத்தி முள்ளும் குத்திய தழும்புகள் இருந்தன. வலது கையில் மட்டும் பத்தொன்பது.

சுற்றறிக்கையை நான் வாசித்த அன்று மதியமே அண்ணி என் வாசலுக்கு வந்தார்.

"இன்னா வாத்தியாரே, கையில தருவியாமே? இந்தக் கையிலயா? மோந்து பாரு."

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க அண்ணி. வாசல்ல சானிடைசர் வெச்சிருக்கோம்."

"சோப்பு போட்டா எறா வாசனை போயிடுமா? இது தோல்ல கீற வாசனையா? எலும்புல கீது. சின்னப் பொண்ணா மொதோ தடவ நன்மை வாங்க, புதுநன்மைக்குப் போசொல்ல, எங்க நைனா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு. சேத்துல தடவுற கை, சாமியைத் தொடாதேன்னு. இத்தினி வயசுக்கு மேல நான் தொடணுமா?"

"வாய் மட்டும் சுத்தமா? அந்தப் பறியும் சேத்துலதானே கிடந்தது?"

அண்ணி சிரித்தார். "அட, படிச்ச ஆளு இப்டிக் கேக்கறியே. பறியைக் கவ்வுனது பல்லு. நாக்கு அதைத் தொட்டதே இல்ல தம்பி. ஒடம்புல சேறு படாத எடம் அது ஒண்ணுதான்."

நாக்கின் மேல் எத்தனை கிருமி இருக்கும் என்று சொல்லலாம். ஆனால் அவர் சொன்னது வேறு கணக்கு.

அடுத்த ஞாயிறு அண்ணி வரிசையில் வந்தார். இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்திருந்தார். எனக்கு எதிரே நின்று, முகக்கவசத்தை இறக்கிக் கண்ணை மூடி, வாயைத் திறந்தார்.

நான் அப்பத்தை ஏந்திக்கொண்டு நின்றேன். கையை நீட்டுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் அசையவில்லை. தலையை ஆட்டினேன், கண்ணை மூடியவருக்கு அது எப்படித் தெரியும்? வாய்க்குள் ஆறு பல் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. காலை எட்டு மணி வெயில் பக்கத்து ஜன்னல் வழியாக அவர் முகத்தில் விழுந்தும் அந்த இருட்டு குறையவில்லை. நான் முப்பதுவரை எண்ணினேன். வரிசையில் யாரோ இருமினார்கள். எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். முப்பதில் அண்ணி வாயை மூடினார், கண்ணைத் திறந்தார், என்னைப் பார்க்காமல் திரும்பித் தன் வட்டத்துக்குப் போய் முழந்தாளிட்டார். பூசை முடியும்வரை அவர் தலை குனிந்தே இருந்தது. நன்மை வாங்கியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே. பத்தொன்பது ஞாயிறு. வந்தவர்களின் தலையை எண்ணித்தான் அப்பம் வைப்பேன், பத்தொன்பது தடவையும் ஒன்று மீந்தது. போகப் போக எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. வரிசையில் அவர் நகர்ந்து வருவதைப் பார்க்கும்போது, அது அண்ணிதானா, அண்ணியைச் சட்டைபோலப் போட்டுக்கொண்டு வரும் அந்த வாயா என்று தோன்றும். வீட்டில் அவர் எப்போதும்போல இருந்தார். மீன் குழம்பு வைத்தால் சுவரோரம் ஒரு கிண்ணம் வைத்துவிட்டு, "வாத்தியாரே, கிருமி இல்லாத கொழம்பு, பயப்படாத, துன்னு" என்று கத்துவார். கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இரண்டாவது அலையில் கோயிலை மறுபடி மூடினார்கள். மீந்த நன்மையை வைத்துப் பூட்டும் நன்மைப் பேழையின் சாவி என்னிடம் இருந்தது. பழவேற்காட்டுச் சாலையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். சாமியாரால் எங்கள் ஊருக்கு வர முடியவில்லை. அந்த வாரம்தான் அண்ணி படுத்தார். முதலில் காய்ச்சல், பிறகு மூச்சு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். சூலூர்ப்பேட்டையில் இருக்கும் அவர் மகளால் மாநில எல்லையைத் தாண்டி வர முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுப்பதை இந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு, முப்பத்தாறு.

சாமியாருக்குப் போன் போட்டேன். வயதில் என் பேரன் மாதிரி அவர். "ஐயா, பேழையில நன்மை இருக்கில்ல, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க" என்றார்.

"கையிலயா சாமி, நாக்கிலயா?"

"அவங்க எப்படிக் கேக்கறாங்களோ அப்படி, ஐயா. வாங்காம மட்டும் போயிடக் கூடாது."

அன்று சாயங்காலம் இரண்டு முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு போனேன். அண்ணி பாயில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மூச்சுக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"கிளவுஸ் போட்டுக்கினு எறா கம்பெனியிலதான் வேலை செய்வாங்க. நான் இன்னா எறாவா தம்பி, உரிச்சு ஐஸ்ல போடப் போறியா?"

"அண்ணி, விளையாடாதீங்க. வாயைத் திறங்க."

"பயந்துக்கினு குடுக்காத. நாளிக்கு வா. வெறுங்கையோட வா." வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நான் அப்பத்தைத் திருப்பி எடுத்துப் போனேன்.

மறுநாள் காலை வெறுங்கையோடு போனேன். ஆனால் ஒரு உபாயம் செய்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டால் என்னால் நாற்பதுவரை எண்ண முடியும். வாசல்படியில் மூச்சை இழுத்து அடக்கினேன். எட்டு எண்ணுவதற்குள் பாயருகே போய்விட்டேன். வாய்விட்டுச் சொன்னால் மூச்சு போய்விடும், அதனால் ஜெபத்தை மனத்துக்குள் சொன்னேன். அண்ணி கண்ணை மூடியிருந்தார். வாய் திறந்தே இருந்தது. இருபத்தொன்றில் அப்பத்தை நாக்கில் வைத்தேன். விரல் பட்டது. அத்தனை வருடம் நான் எதற்குப் பயந்தேனோ அது அங்கே இல்லை. நாக்கில் துளி ஈரம் இல்லை. வெயிலில் கிடந்த கருவாட்டின் மேல் விரல் வைத்ததுபோல இருந்தது. அவர் உதடு மெல்ல மூடியது. முப்பத்தெட்டில் நான் வாசலுக்கு வெளியே நின்று மூச்சு விட்டேன்.

நோயாளிக்கு நன்மை கொடுத்ததும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும். எனக்கு நன்றாகத் தெரியும். பாய்க்குப் பக்கத்தில் செம்பு இருந்தது. தண்ணீருக்கு எண்ணிக்கை போதவில்லை.

மூச்சுச் சத்தம் பதினோரு மணிக்கு நின்றது. பக்கத்து வீட்டார் வாசல்வரை வந்தார்கள், உள்ளே வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? தாடையைக் கட்ட வேண்டியவன் நான்தான். வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு போனேன். அண்ணியின் வாய் மறுபடி திறந்திருந்தது. கோயிலில் திறந்ததுபோலவே, அதே அளவு. ஆனால் இந்தத் தடவை உள்ளே இருட்டாக இல்லை. நாக்கின் நடுவில் அப்பம் வெள்ளையாக, வட்டமாக, ஓரம்கூடக் கரையாமல் இருந்தது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. என் வாழ்நாளில் நான் எண்ணாத நேரம் அது ஒன்றுதான். உட்கொள்ளாத நன்மையை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும் என்பது முறை. விரலை உள்ளே விட்டுத் தொட்டேன். பசை போட்டு ஒட்டியதுபோல இருந்தது. இழுத்தால் தோலோடு வரும். அதைவிட, எடுத்துவிட்டால் அவர் வாங்கவில்லை என்று ஆகிவிடும். இருபதாவது தடவையும் ஒன்று மீந்ததாகிவிடும். விரலை எடுத்தேன். வாயை மூடினேன். துணியை உச்சந்தலைக்கு மேல் கொண்டுபோய் இரண்டு முடிச்சுப் போட்டேன்.

வெளியே வந்ததும் சாமியார் போனில் கேட்டார். "நன்மை வாங்கினாங்களா ஐயா?"

"வாங்கினாங்க சாமி" என்றேன்.

சாயங்காலம் ஆறு பேர் தூக்கிப்போய் அடக்கம் செய்தோம். அண்ணியின் பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டு, பதினான்கு நாள் வெளியே போகாமல் என் அறையில் இருந்தேன். எனக்குக் காய்ச்சல் வரவில்லை. விரலில் ஈரமும் வரவில்லை. ஆனால் சோறு வாய்க்குள் போனதும் அப்படியே நின்றது. வாங்கினாங்க என்று சொன்ன அந்த நாக்கின் மேல் எதை வைத்தாலும் எனக்குக் கரையவில்லை. தண்ணீர் ஊற்றித்தான் இறக்கினேன்.

ஒன்பதாம் நாள் மதியம். நல்ல வெயில், காற்றே இல்லை, ஏரிப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சோற்றுத் தட்டோடு சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பூட்டிக் கிடந்த அந்தப் பக்கத்தில் யாரோ விழுங்கினார்கள். தொண்டை வறண்டவர் கஷ்டப்பட்டு விழுங்குகிற சத்தம், ஒரே ஒரு தடவை. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அண்ணி வீட்டுச் சாவி ஆணியில் தொங்கியது, தொடவில்லை. சாமியாரிடம் நான் சொன்னது பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டு, தட்டில் மீதியிருந்த சோற்றைத் தின்றேன்.