மண்டியைத் தாண்டிப் போன ஆறு மூட்டை வத்தல்

1967 சித்திரையில் நான் செஞ்சிக்குப் போனது கோட்டை பார்க்க அல்ல, வத்தல் வாங்க. சைதாப்பேட்டையில் அண்ணியும் நானும் ஒரு சின்னத் தொழிற்சாலை நடத்தினோம். வத்தக்குழம்புப் பொடியும், அதில் போட உலர்ந்த காய்களும் பொட்டலம் கட்டி விடுதிகளுக்குக் கொடுப்போம். அந்தப் பங்குனியில் கொத்தவால்சாவடியில் வாங்கிய கொத்தவரை வத்தல் மூட்டைகளின் அடியில் ஈரம். ஒரு வாரத்துப் பொட்டலங்கள் முழுதும் பூசணம் பிடித்தன. திருப்பிக் கொண்டுபோனால் கடைக்காரர் சிரித்தார். “இது செஞ்சிச் சரக்கு. அவ்வளவு சுத்தமா வேணும்னா செஞ்சிக்கே போய் வாங்கிக்கங்களேன்.” கேலியாகத்தான் சொன்னார். நான் போய்விட்டேன்.

காலை ஆறு மணிக்கு எழும்பூரில் பாசஞ்சர் ரயில். திண்டிவனத்தில் இறங்கும்போது ஒன்பதரை. அங்கிருந்து செஞ்சி பதினேழு மைல், பஸ்ஸுக்குத் தொண்ணூறு காசு. பதினொரு மணிக்குக் கடைத்தெருவில் நின்றேன். வெயில் கண்ணைக் குத்தியது. எனக்கு இருபத்தாறு வயது, கையில் ஒரு பை, கூட யாரும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று பார்த்த பலருக்கும் கண்ணை உறுத்தியது நான் தனியாக வந்ததுதான்.

பெரிய மண்டியின் முதலாளி ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினார். மேலே இருந்ததெல்லாம் அருமையான சரக்கு. நான் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தேன். வளைந்தது, ஒடியவில்லை.

“இன்னாம்மா, மூட்டைக்குள்ள கைய வுடற? ஆம்பள யாரும் வரலியா?”

“அடியில இருக்கறதுக்கும் சேர்த்துத்தானே விலை சொல்றீங்க?”

அவர் மூட்டையைக் கட்டினார். “இங்க வாங்கலன்னா செஞ்சியில ஒரு பிடி வத்தல் கெடைக்காது. பார்த்துடு.”

பார்த்துவிடலாம் என்று வெளியே வந்தேன். வாசலில் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் பச்சையம்மா, நாற்பது வயதிருக்கும். அவள் கொண்டுவந்த வத்தலை மண்டியில் அடிமாட்டு விலைக்குக் கேட்டதால் கொடுக்காமல் திரும்பிக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்த பேச்சு முழுதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. கூடையை என் முன்னால் நீட்டினாள். “ஒடிச்சிப் பாரு.” ஒன்றை எடுத்தேன். டக்கென்று ஒடிந்தது.

“எங்க ஊருல பாற மேல காயுது. ரெண்டு மைலு. நடப்பியா?”

நடந்தேன். மலையடியில் வீட்டுக்கூடம் போல விரிந்த கரும்பாறைகள். அவற்றின்மேல் கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி. ஒன்பது வீட்டுப் பெண்கள் சேர்ந்து உப்புநீரில் அவித்து மூன்று நாள் காயவைத்த சரக்கு. அடியிலும் பாறைச் சூடு ஏறுவதால் ஈரம் தங்கவே வழியில்லை. இதைப் பார்க்காமல் இத்தனை நாள் பூசணத்துக்குக் காசு கொடுத்திருக்கிறோமே என்று ஆத்திரமாக வந்தது.

விலை பேசி முடிக்கும் நேரத்தில் மண்டி ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கினான். “இந்தம்மாவுக்கு எவ எவ குடுக்கறீங்களோ, அவங்க வூட்டு மல்லாட்ட ஒண்ணும் மண்டியில எடுக்க மாட்டோம். மொதலாளி சொல்லச் சொன்னாரு.”

மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் நிலக்கடலைதான் அவர்களுக்கு வருஷத்துச் சோறு. ஐந்து பெண்கள் தங்கள் வத்தலை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பச்சையம்மா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எடுக்கலன்னா போவட்டும். திண்டிவனத்துல மண்டி இல்லியா? நான் வெளைய வச்சத விக்கறதுக்கு இவன் இன்னா உத்தரவு குடுக்கறது? போய்ச் சொல்லு, பச்சையம்மா குடுத்துட்டான்னு.”

இன்னும் மூன்று பேர் அவள் பக்கம் நின்றார்கள். எனக்குப் பதினைந்து மூட்டை வேண்டும். கிடைத்தது ஆறு. ஊர் வண்டிக்காரர் மண்டிக்குப் பயந்து வரமாட்டேன் என்றார். நால்வரும் ஆளுக்கொரு மூட்டையைத் தலையில் ஏற்றினார்கள், ஐந்தாவது என் தலையில். ஆறாவதைப் பச்சையம்மாவின் புருஷன் தூக்கிக்கொண்டார்.

செஞ்சிக்குள் நுழைந்ததும், “பின்பக்கமா ஒரு சந்து இருக்குது” என்றார் அவர்.

“எதுக்குச் சந்து? திருடிக்கினா வரோம்?” என்றாள் அவள். மண்டி வாசல் வழியாகவே போனோம். எனக்குக் கழுத்து ஒடிந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் அந்த இடத்தில் நிதானமாகத்தான் நடந்தேன். முதலாளி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பஸ் நடத்துநர் மூட்டைகளை முகர்ந்து பார்த்தார். “கருவாடு இல்லியே? அப்ப மேல ஏத்து.”

அந்தக் கார்த்திகையில் மண்டி சொன்னபடியே செய்தது. பச்சையம்மாவின் மல்லாட்டையையும் அவள் பக்கம் நின்ற மூவரின் மல்லாட்டையையும் வாங்கவில்லை. தகவல் வந்ததும் கிளம்பிப் போனேன். நான்கு வீட்டுச் சரக்கும் வண்டியில் திண்டிவனம் போனபோது கூடவே போனேன். நல்ல விலைக்கே போயிற்று. அடுத்த வருஷம் ஒன்பது வீடும் திண்டிவனத்துக்கு வண்டி கட்டியது. எங்களுக்குப் பதினைந்து மூட்டை வத்தலும் வந்தது.

மொத்தமாக வத்தல் வாங்கப் போகிறவர்களுக்கு: பங்குனி, சித்திரையில் போங்கள், மழை தொட்ட சரக்கு வேண்டாம். காலுக்குச் செருப்பு முக்கியம், பாறை பொசுக்கிவிடும். காய்ந்த சாக்கு நீங்களே கொண்டுபோங்கள். தனியாகப் போகும் பெண்கள் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். பஸ் நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.