டிரெஸ்ஸர் அருணாசலத்தின் துளையிட்ட அட்டைகள்

போன வாரம் கெமாஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டிரெஸ்ஸர் அருணாசலம் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் நான்கே வரிகளில் எழுதியிருந்தாள். ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். டாக்டர் இல்லாத அந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதெல்லாம் டிரெஸ்ஸர்தான்; காயங்களுக்குக் கட்டுப்போடும் வேலை பார்த்தவள் நான். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரர்களோடு சண்டையிட்ட அவசரகாலத்தில், ஒரு பகல் வேளையில் அங்கே நடந்ததை நாங்கள் இருவரும் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில், யாரோ ஓர் அமெரிக்கர் கற்பனை செய்த மேசையைப் பற்றிப் படித்திருந்தார். ஒருவர் படித்ததையெல்லாம் அந்த மேசை வைத்துக்கொள்ளும். ஒன்றைத் தொட்டால் அதோடு சேர்ந்த இன்னொன்றை எடுத்துக் காட்டும். “மனசு அப்படித்தானே தாவுது, பார்வதி? அந்த மேசை நமக்கு வராது. அட்டையில செஞ்சு பாப்போம்லா” என்றார்.

மருந்துப் பெட்டி அட்டைகளை வெட்டி, ஆளுக்கு ஒன்றாக இருநூற்றுச் சொச்சம் செய்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். முதல் துளை மலேரியா, அடுத்தது பாம்புக்கடி, ஏழாவது புண்ணுக்குப் போடும் சல்பா பவுடரை வீட்டுக்கு வாங்கிப்போனவர்கள். ஒருவருக்கு அது பொருந்தினால், அந்தத் துளையை ஓரம்வரை கத்தரித்துவிடுவார். தேடும்போது ஒரு பின்னல் ஊசியைத் துளைக்குள் செருகி அட்டைக் கட்டைத் தூக்குவார். கத்தரித்த அட்டைகள் மட்டும் கீழே விழும். எந்தத் தண்ணீர்க் குழாயைப் புழங்கும் வீடுகளில் பேதி வந்தது என்பதை அப்படித்தான் ஒரே காலையில் கண்டுபிடித்தார்.

அந்தப் பெருமையில் வருவோர் போவோரிடமெல்லாம் அதைக் காட்டிவிட்டார். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார், தமிழர்தான். காட்டில் சுடப்பட்ட ஒருவனின் பையில் எங்கள் ஆஸ்பத்திரித் தாளில் மடித்த சல்பா பவுடர் கிடைத்ததாம். “யாரு வாங்குனாங்கன்னு உங்க பெட்டி சொல்லுமாமே. ரெண்டு மணிக்கு வர்றேன். எடுத்து வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக் கணக்கில் பெயர்கள் கிடையாது. பெயர்கள் இருந்தது அந்த அட்டைகளில் மட்டும்தான்.

கதவைச் சாத்திவிட்டு அவர் ஏழாவது துளையில் ஊசியைச் செருகித் தூக்கினார். மூன்று அட்டைகள் விழுந்தன. இரண்டு பேர் மருந்து வாங்கிய மறுமாதமே இறந்துபோனவர்கள். மூன்றாவது, பால்வெட்டுக்குப் போகும் ஒரு பெண், மூன்று பிள்ளைக்காரி. அவள் புருஷன் எங்கே போனான் என்று தொழிலாளர் லயத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

“அவதான் காட்டுக்குக் குடுத்திருப்பாளா, ஐயா?” என்று கேட்டேன்.

“தெரியாது. ஊசியத் தூக்குனா அட்டை விழும். ஏன் வாங்குனாங்கிறது விழாது.”

பெட்டியை எரித்தால் அதுவே குற்றமாகும்; அவள் அட்டையை மட்டும் எடுத்தால், எஸ்டேட் ஆள் கணக்கோடு ஒப்பிட்டதும் அவள் பெயர்தான் நிற்கும். இழுப்பறையிலிருந்து இரண்டு கத்தரிகளை எடுத்து என்னிடம் ஒன்றைக் கொடுத்தார். “எல்லாத்துலயும் ஏழாவதக் கத்தரி.” சாப்பாட்டு நேரம் முழுக்கக் கத்தரித்தோம். என் விரல்கள் கன்றிப்போயின. புது வெட்டுகள் வெள்ளையாகப் பல்லைக் காட்டின. பஞ்சில் அயோடினைத் தொட்டு ஒவ்வொரு ஓரத்திலும் தடவினோம். கடைசி அட்டைக் கட்டு காய்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டரே ஊசியைச் செருகித் தூக்கினார். எல்லா அட்டைகளும் மேசையிலும் தரையிலுமாகச் சரிந்தன.

“என்ன இது?”

“எஸ்டேட்டுல புண்ணு வராத ஆளு யாரு சார்?”

இன்ஸ்பெக்டர் தன் விரலைப் பார்த்தார். அதில் பழுப்புக் கறை. முகர்ந்து பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். நான் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். “நீங்க வண்டியில ஏறுங்க, டிரெஸ்ஸர்” என்றார்.

அவரைச் சிரம்பானில் வழக்கில்லாமல் பதினோரு மாதம் காவலில் வைத்திருந்தார்கள். அட்டைகள் திரும்பி வரவில்லை. எஸ்டேட் வேலையும் போயிற்று. அந்தப் பெண்ணை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. பின்னாளில் கெமாஸில் அவரைப் பார்த்தபோது, மறுபடியும் அட்டைகள் செய்யவில்லையா என்று கேட்டேன். “எனக்கு ஞாபகம் வரட்டும்னு செஞ்சேன், பார்வதி. இன்னொருத்தன் தேடிப் புடிக்கவும் அதே துளைதான் வழின்னு அப்ப எனக்கு உறைக்கல” என்றார்.

ஒருவருடைய பெயரை எழுதுமுன் அவரைக் கேட்பது, டிரெஸ்ஸரால் எனக்கு வந்த பழக்கம். இந்த அஞ்சலிக்காகக் கடலோரச் சி ரூசா ஊரில் மகனோடு இருக்கும் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். அவர் போனதையும் அந்தப் பகலில் நடந்ததையும் அவளிடம் சொன்னேன்.

“டிரெஸ்ஸர் பேர எழுதுக்கா. என் பேரு வேணாம்” என்றாள்.

எழுதவில்லை.