சித்தப்பாவுக்கு வந்த சாமி

பூத்து விழுது இறங்கி நின்ற கடலைக் கொல்லைக்குள் டிராக்டர் புகுந்த அந்தப் பகல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஓட்டியவர் சித்தப்பா, அப்பாவின் உடன்பிறந்த தம்பி. சில வாரம் பொறுத்திருந்தால் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். பச்சைச் செடி மண்ணோடு புரண்டு கிடந்தது. வெள்ளைப் பிஞ்சுகள் வெயிலில் தெரிந்தன. "இதுல மல்லிகைச் செடி வைக்கச் சொல்லி அய்யனாரு உத்தரவு" என்று சிரித்தபடி கத்தினார். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா வரப்பில் நின்றார். ஒரு முழ வரப்புக்காகக் கோர்ட்டுப் படி ஏறிய மனிதர், அன்று வாயே திறக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாமிக்கு முன்னால் எங்கள் ஊரில் அப்படித்தான் நிற்பார்கள்.

கீரமங்கலம் பக்கத்து ஊர் எங்களுடையது. அய்யனாருக்கு மண்குதிரை செய்து தோளில் சுமந்துபோகும் புரவி எடுப்புத்தான் பெரிய விசேஷம். சித்தப்பாதான் சாமியாடி. காப்புக் கட்டிய நாளிலிருந்து அவர் உறங்குவதே இல்லை. ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் முந்திக்கொண்டு வரும். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டே இருப்பார். போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு வாக்குச் சொல்வார்: உனக்குப் பிள்ளை பிறக்கும், உனக்குத் துபாய் விசா வரும். சிலது பலித்துத் தொலைத்ததுதான் வினையாகிவிட்டது. பட்டுக்கோட்டையிலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். திருவிழா முடிந்து ஊர் அடங்கிய பிறகு ஒருநாள் அவரும் அடங்கிப்போவார். மோட்டார் கொட்டகைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்தால் வாரக்கணக்கில் எழமாட்டார். சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. வைத்தது வைத்தபடி இருக்கும். "சாமி மலையேறிருச்சு, அதான் ஒடம்பு அலுப்பு" என்பார்கள். உறங்காததும் சாமி, எழாததும் சாமி. சாமிக்கு ஊசி போடுவார்களா என்ன? ஆஸ்பத்திரி என்ற பேச்சை எங்கள் வீட்டில் ஒருவரும் எடுத்ததில்லை.

ஆனால் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் இந்தச் சாமிக் கதை செல்லாது என்பது மட்டும் அப்பாவுக்குத் தெரிந்தே இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சித்தப்பாவைக் கொடும்பாளூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கல்யாணத்துக்கும் அவரை வரவிடவில்லை. என் கணவர் அவரைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அடுத்த வருஷம், அந்த மோட்டார் கொட்டகையிலேயே, சித்தப்பா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொல்லி அன்றைக்கே அடக்கத்தை முடித்தார் அப்பா. அதற்குப் பிறகு வீட்டில் அவர் பேரை யாரும் எடுக்கக் கூடாது. செத்தவருக்கு ஒரு படம்கூட மாட்டவில்லை, பாருங்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

என் மகன் திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான். இந்த முறை விடுமுறைக்கு ஆலங்குடியில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், அறையை விட்டு வெளியே வரவில்லை. குளிக்கவில்லை, போனை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். புதுக்கோட்டையில் மனநல டாக்டர் அம்மா ஒருவரிடம் காட்ட ஏற்பாடு செய்தோம். அன்றைக்குப் பார்த்து நான் வேலை பார்க்கும் பள்ளியில் லீவு கிடைக்கவில்லை. கணவரும் அப்பாவும் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிவந்தார்கள். கொஞ்ச நாளில் பையன் எழுந்து நடமாடினான். நன்றாகச் சாப்பிட்டான். அப்புறம் உறக்கம் போய்விட்டது. ஆட்டுப்பண்ணை வைக்கப் போகிறேன் என்றான். பலாப்பழத்தைக் கப்பலில் ஏற்றப் போகிறேன், சித்தன்னவாசல் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு விடுதி கட்டப் போகிறேன் என்றான். வீடே சிரித்தது. "பேரன் தெளிஞ்சுட்டான்" என்று ஒரு முழுப் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு ஊரிலிருந்து வந்து இறங்கினார் அப்பா. நான் மட்டும் என் பிள்ளையின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு டாக்டரம்மா என்னதான் கேட்டாங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"எல்லாந்தான். குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சான்னு ரெண்டு தரம் கேட்டாங்க. அப்படி யாருமே இல்லைன்னுட்டாரு ஒங்கப்பா."

கொல்லைப்பக்கம் பலாப்பழத்தை அறுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன். "நாளைக்கு மறுபடி கூட்டிப் போறோம். நானும் வாரேன். சித்தப்பாவைப் பத்திச் சொல்லத்தான் போறேன்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "வாயத் தொறக்காத. தையில ஒந் தங்கச்சி மகளுக்குப் பரிசம் போடணும். அங்கிட்டு ஒரு சொல்லு போச்சுன்னா அந்தப் புள்ளய எவன் கட்டுவான்?"

"இங்கிட்டு எம் புள்ள உசுரு போயிரும்ப்பா."

அன்று மாலையே கணவரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். "கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?" என்று கேட்டேன். மறுநாள் காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்து காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். அப்பாவும் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். என் வாயை அடைக்க வருகிறாரா, பேரனுக்காக வருகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. மகன் வழியெல்லாம் பேசினான். ரயில்வே கேட்டில் வண்டி நின்றதும் கதவைத் திறந்து இறங்கிப்போய், முன்னால் நின்ற லாரிக்காரரிடம் ஆடு ஏற்ற வாடகை பேச ஆரம்பித்தான். கேட் திறந்து, பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க, என் கணவரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனைத் திரும்ப ஏற்றினோம்.

டாக்டர் அம்மா அவனைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்தார். அதே கேள்வியை மறுபடி கேட்டார். நான் சொன்னேன். கடலைக் கொல்லையை அழித்தது, உறங்காமல் வாக்குச் சொன்னது, மோட்டார் கொட்டகையில் கிடந்தது, கடைசியில் அங்கேயே நடந்தது, எதையும் விடவில்லை. ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மகன் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

"இது முதல்லயே தெரிஞ்சிருந்தா சோர்வுக்கான அந்த மாத்திரைய மட்டும் தனியாக் குடுத்திருக்க மாட்டேன்மா. ஏத்தமும் எறக்கமும் மாறி மாறி வர்ற இந்த நோய் இருக்கவங்கள சில நேரம் அது இப்படி மேல தூக்கிவிட்டுரும்" என்றார் டாக்டர் அம்மா. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இதுக்கு மருந்து இருக்கு. விடாம சாப்பிடணும், அவ்வளவுதான்." பிறகு கேட்டார்: "அவருக்கு எந்த வயசுல ஆரம்பிச்சுச்சு?"

எனக்குத் தெரியாது. நான் பிறப்பதற்கு முந்திய கதை அது. அது தெரிந்த ஒரே ஆள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பத்தொம்போதுங்க" என்றார் அப்பா. "இந்தா, இவன் வயசுதான். தலைக்குள்ள எரியுதும்பான். கண்ண மூட முடியலன்னு எங்க ஆத்தா மடியில விழுந்து அழுவான். நான் பார்த்திருக்கேன்."

இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. சித்தப்பா அழுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மகன் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினான். "அவருக்கு யாருமே மருந்து வாங்கிக் குடுக்கலையா தாத்தா?"

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு வந்தது.

"இல்லய்யா" என்றார். "நாங்க அவனக் கும்பிட்டோம்."